பழைய கணினிகளில் புதிய பயர்பொக்ஸ்: மொசில்லாவின் நேரடிப் பொதி பற்றிய ஒரு மதிப்பீடு

திருகோணமலை உவர்மலையில் நான் நடத்தும் சிறிய மாலை நேரக் கல்வி நிலையத்தில் நான்கு கணினிகள் இருக்கின்றன. நான்கும் பாவித்தவையாக வாங்கப்பட்டவை; மூன்று 64 பிட் வகையைச் சேர்ந்தவை, ஒன்று மட்டும் இன்னும் பழைய 32 பிட் வகை. க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் இவற்றில்தான் பயிற்சி செய்கிறார்கள். பரீட்சை விண்ணப்பம், பெறுபேறு, அடையாள அட்டை விபரம் என்று அயலவர்களும் வந்து போவார்கள். நான்கிலும் லினக்ஸ் மின்ட் 19.3 என்ற இயங்குதளத்தை நிறுவியிருந்தேன். அது 2019 டிசம்பரில் வெளியான பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலுடன் முடிந்துவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு, மென்பொருட்களை வழங்கும் அதன் இணையக் களஞ்சியத்திலிருந்து புதிய உலாவி எதுவும் வருவதில்லை.

இங்கே நான் மதிப்பிடுவது, மொசில்லா நிறுவனம் லினக்ஸுக்காகத் தானே வெளியிடும் பயர்பொக்ஸ் உலாவியின் சுருக்கக் கோப்பை, அதாவது நேரடிப் பொதியை. இயங்குதளத்தின் களஞ்சியத்தை எதிர்பாராமல், அந்தக் கோப்பை நாமே இறக்கி, விரித்து, ஓரிடத்தில் வைத்து இயக்கும் முறை இது. ஏறத்தாழ ஒரு வருடம் பயன்படுத்திய பின் சொல்கிறேன்: உலாவி பழுதில்லாதது, முறையும் எளியது. ஆனால் விரித்த கோப்புறைக்கு யார் உரிமையாளர் என்ற ஒரே ஒரு விடயத்தில் தவறினால், புதுப்பிக்கச் செய்த வேலையே உலாவியைப் பழையதாக நிறுத்திவிடும். என் நிலையத்தில் அது நடந்தது. இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

2025 மார்ச் 14 அன்று பயர்பொக்ஸின் உள்ளே இருந்த வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியானது. உலாவியில் நாம் சேர்க்கும் நீட்சிகள் நம்பத்தக்கவைதானா என்று அவற்றின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கு அந்தச் சான்றிதழே அடிப்படை. 128ஆம் பதிப்பிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்றால் 115.13இலிருந்தும், புதிய சான்றிதழ் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தியவற்றில் நீட்சிகள் முடங்கும், பாதுகாக்கப்பட்ட காணொளிகள் ஓடாமல் போகலாம் என்று மொசில்லா முன்கூட்டியே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பை நானும் படித்திருந்தேன். தவணைப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். அடுத்த வாரம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தபோது நான்கு கணினிகளிலும் விளம்பரத் தடுப்பான் வேலை செய்யவில்லை. செய்தித் தளத்தைத் திறந்தவுடன் காணொளி விளம்பரங்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. நான்கு கணினிகளுக்கும் ஒரே ரவுட்டரில் டேட்டா பகிரும் இடத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, மாதக் கடைசியில் மிச்ச டேட்டாவை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் புரியும்.

இயங்குதளத்தையே புதிதாக நிறுவியிருக்கலாமே என்று கேட்கலாம். நிறுவத்தான் வேண்டும், உலாவியை மட்டும் புதிதாக்கினால் அதற்குக் கீழேயுள்ள இயங்குதளத்தின் ஓட்டைகள் அடைபடுவதில்லை. ஆனால் தவணையின் நடுவில் நான்கு கணினிகளையும் அழித்து, அச்சுப்பொறியையும் தமிழ் விசைப்பலகையையும் மீண்டும் அமைத்துக்கொண்டிருக்க இயலாது. 32 பிட் கணினிக்கோ, உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட மின்ட்டில் 19 வரிசைக்குப் பிறகு பதிப்பே இல்லை. உலாவி மட்டும் அவசரமாகத் தேவைப்படும் இப்படிப்பட்ட இடைக்காலத்துக்கு மொசில்லாவின் நேரடிப் பொதியைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. பழைய இயங்குதளங்களை அது அவ்வளவு இலகுவில் கைவிடுவதில்லை. லினக்ஸின் அடிப்படை நிரலகங்களில் 128ஆம் பதிப்பு கேட்பது ஜி‌லிப்‌சி 2.17, ஜிடிகே 3.14 போன்ற பழைய பதிப்புகளைத்தான், மின்ட் 19.3 நிற்கும் அடித்தளமான உபுண்டு 18.04இல் உள்ள ஜிலிப்சியோ 2.27. ஆகவே ஆதரவு முடிந்து இரண்டு வருடங்கள் ஆன இயங்குதளத்திலும் 136ஆம் பதிப்பு ஒரு முறைப்பாடும் இல்லாமல் எழுந்து நின்றது.

இறக்கும் வேலையை இரவில் வைத்துக்கொண்டேன். நள்ளிரவுக்குப் பிறகான டேட்டாவை இங்கே பலரும் இப்படிப்பட்ட வேலைக்காகவே ஒதுக்கி வைப்பதுண்டு. கோப்பு நூறு மெகாபைட்டுக்குள் அடங்கியது. 135ஆம் பதிப்பிலிருந்து மொசில்லா பழைய பிஸிப்2 சுருக்கத்தை விட்டு எக்ஸ்இசட் சுருக்கத்துக்கு மாறியிருப்பதால் கோப்பு சிறுத்திருக்கிறது, விரியும் வேகமும் கூடியிருக்கிறது. பழைய கணினியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் கட்டளை அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கோப்பை விரிக்கும் டார் கட்டளையுடன் பிஸிப்2க்கான எழுத்தைச் சேர்த்தால் பிழைதான் வரும். சுருக்க வகையைக் குறிக்கும் எழுத்தை விட்டுவிட்டால் டார் தானே வகையை அறிந்து விரித்துக்கொள்ளும்.

இந்த முறையின் பெரிய நன்மை, ஒருமுறை இறக்கிய கோப்பை பென்ட்ரைவில் எடுத்து மூன்று 64 பிட் கணினிகளுக்கும் கொடுக்க முடிவது. களஞ்சியத்திலிருந்து எடுத்திருந்தால் ஒவ்வொரு கணினியும் தனித்தனியே இறக்கியிருக்கும். பென்ட்ரைவில் போகும் கோப்பு முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பார்க்க மொசில்லாவே வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உரிய அடைவில், எல்லாக் கோப்புகளுக்கும் அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஷா256 சரிபார்ப்பு எண்களும் ஒரே பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலுக்கு மொசில்லாவின் கையொப்பக் கோப்பும் பக்கத்திலேயே இருக்கும். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை உட்கார்த்தி இதைச் செய்யச் சொன்னேன். அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட அந்த நீண்ட வரியின் முதல் எட்டையும் கடைசி எட்டையும் அவள் திரையிலிருந்து உரக்க வாசிக்க, நான் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் கணினியில் சரியாக இருந்தது. இரண்டாவதில் இரண்டாம் எழுத்திலேயே, “சேர், இது வேற மாதிரி இருக்கு” என்றாள். பிரதி எழுதி முடியுமுன் நான் பென்ட்ரைவைக் கழற்றியிருந்தேன். கோப்பின் பெயர் அப்படியே இருந்தது, உள்ளே இருந்தது குறை. திரும்பப் பிரதி எடுத்ததும் எண்கள் பொருந்தின. அந்த வகுப்பில் சரிபார்ப்பு எண் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசித்துப் பார்ப்பது கற்பிப்பதற்கு நல்லது. வேலைக்கு, பட்டியலையே கட்டளைக்குக் கொடுத்து ஒப்பிடச் சொல்வதுதான் நம்பகமானது.

விரித்த கோப்புறையை ஒப்ட் அடைவுக்கு நகர்த்துவதும், யூஎஸ்ஆர் லோக்கல் பின் அடைவில் அதற்கு ஓர் இணைப்பு வைப்பதும், பட்டியலில் தோன்றுவதற்கான டெஸ்க்டொப் கோப்பை வைப்பதும் பத்து நிமிட வேலை. முனையத்தில் பயர்பொக்ஸ் என்று அடித்தால், பழைய உலாவி இருக்கும் இடத்துக்கு முன்பே யூஎஸ்ஆர் லோக்கல் பின் தேடப்படும் என்பதால், இயங்குதளத்தோடு வந்த பழைய உலாவியை நீக்காவிட்டாலும் புதியதே திறக்கும். கீழ்ப்பட்டையில் முன்பே பொருத்தி வைத்த சின்னம் மட்டும் பழையதையே திறந்துகொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும்.

அடுத்து வருவது, பலரை அதிர்ச்சியடைய வைக்கும் இடம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர், தையல் மாதிரிகளையும் வெளிநாட்டிலுள்ள மகனின் பல்கலைக்கழகப் பக்கங்களையும் வருடக்கணக்கில் புக்மார்க் செய்து வைத்திருந்தார். என் கணினிகளில் செய்ததைக் கண்டு தன் மடிக்கணினியையும் கொண்டுவந்து தந்தார். புதிய உலாவி திறந்ததும் வெறுமையான பட்டையைப் பார்த்தவர், “தம்பி, நான் சேர்த்து வைச்சதெல்லாம் எங்க போயிட்டுது?” என்று கேட்டபோது அவருடைய முகம் மாறிவிட்டிருந்தது. ஒன்றும் போகவில்லை. 2019 மே மாதத்தில் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து பயர்பொக்ஸ், ஒவ்வொரு நிறுவலுக்கும், புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் இருக்கும் சுயவிபரக் கோப்புறையைத் தனித்தனியாக வைக்கிறது. புதிய இடத்திலிருந்து திறக்கப்படும் உலாவி தன்னைப் புதிய நிறுவலாகக் கருதி வெறுமையான சுயவிபரம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழையது அதே பயனரின் மொசில்லா கோப்புறையில் கைபடாமல் கிடக்கும். முகவரிப் பட்டையில் அபவுட் புரொபைல்ஸ் (about:profiles) என்ற பக்கத்தைத் திறந்து, பழைய சுயவிபரத்தை இயல்பானதாக்கி, உலாவியை மீளத் தொடங்கியதும் அவருடைய மாதிரிகளெல்லாம் வரிசை மாறாமல் வந்துவிட்டன.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரே சுயவிபரத்தைப் புதிய உலாவி ஒருமுறை தொட்ட பின் பழைய உலாவியில் திறந்தால் தரவு கெட வாய்ப்புண்டு. அதைத் தடுப்பதற்காகவே இப்படிப் பிரித்திருக்கிறார்கள். புதியதில் திறந்த சுயவிபரத்தைப் பழைய உலாவியில் திறக்க முயன்றால், 67ஆம் பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் எச்சரித்துத் தடுத்தும் விடும். ஆனாலும் வேலையைத் தொடங்குமுன் அந்த மொசில்லா கோப்புறையை அப்படியே வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைக்காமல் யாருடைய கணினியையும் நான் இப்போது தொடுவதில்லை. மற்றவர்களின் கடவுச்சொற்களும் நினைவுகளும் அதற்குள் இருக்கின்றன.

இனி உரிமையாளர் விடயம். கோப்பை என் பயனர் கணக்கில் விரித்து, பின்னர் நிர்வாகி அதிகாரத்துடன் ஒப்ட் அடைவுக்கு நகர்த்தினேன். நகர்த்துவதால் இடம் மாறுமே தவிர உரிமையாளர் மாறுவதில்லை. கோப்புகள் என் பெயரிலேயே இருக்கும். இரண்டு கணினிகளில் அப்படியே விட்டேன். மூன்றாவது கணினியைப் பிள்ளைகள் அதிகம் பாவிப்பதால், யாரும் கோப்புகளை மாற்றிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் முழுக் கோப்புறையையும் நிர்வாகிக் கணக்கான ரூட் பெயருக்கு மாற்றினேன். அந்த எண்ணத்தில் பிழையில்லை. இயக்கக்கூடிய நிரலைச் சாதாரணப் பயனர் மாற்ற முடியாமல் வைப்பது லினக்ஸின் பழைய நல்ல வழக்கம். ஆனால் இந்தப் பொதியில் வரும் பயர்பொக்ஸ் தன்னைத் தானே புதுப்பிப்பது, தான் இருக்கும் கோப்புறையில் எழுதுவதன் மூலம். உலாவியைத் திறக்கும் பயனருக்கு அங்கே எழுத உரிமை இல்லையென்றால் அந்த வேலை நடப்பதில்லை.

ஓகஸ்ட் மாதக் கடைசியில் மூன்று கணினிகளையும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். உதவிப் பட்டியலில் உள்ள பயர்பொக்ஸ் பற்றிய சாளரத்தைத் திறந்தபோது முதல் இரண்டிலும் 142 என்றிருந்தது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பதிப்பையும், இடையில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களையும், முழுக் கோப்பையும் இறக்காமல் மாறிய பகுதியை மட்டும் எடுத்து அவை தாமே பொருத்திக்கொண்டிருந்தன. மூன்றாவதில், நான் மார்ச்சில் வைத்த அதே 136. ஐந்து மாதங்களுக்கு மேலாகப் பிள்ளைகள் அதில்தான் எல்லாத் தளங்களுக்கும் போய் வந்திருக்கிறார்கள். உலாவி புதிது என்று நம்பியதால் நானும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதுகாப்புக்காக மாற்றிய உரிமைதான் பாதுகாப்புத் திருத்தங்கள் உள்ளே வராமல் தடுத்திருந்தது. அன்றிரவே உரிமையை என் கணக்குக்கு மாற்றினேன், உலாவி அடுத்த திறப்பிலேயே புதிய பதிப்பைக் கேட்டு எடுத்துக்கொண்டது.

அதனால் என் தீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரே ஆள் பாவிக்கும் வீட்டுக் கணினிக்கு இந்தப் பொதி மிகவும் ஏற்றது. அவருடைய பெயரிலேயே கோப்புறை இருக்கட்டும், பிறகு அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. பலர் பல கணக்குகளில் பாவிக்கும் கணினிக்கு இது பொருந்தாது. என் பெயரில் இருக்கும் உலாவியை மாணவர் கணக்கில் திறந்தால் அது புதுப்பித்துக்கொள்ளாது. நான் என் கணக்கில் அதைத் திறக்கும் வரை காத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு மொசில்லா வேறொரு நல்ல வழியைத் தந்திருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 122ஆம் பதிப்பிலிருந்து, டெபியன் குடும்ப இயங்குதளங்களுக்கான தன் சொந்த ஏபிடி களஞ்சியத்தில், அவை வழமையாக நிறுவும் வகையான டெப் பொதியையும் அது வெளியிடுகிறது. களஞ்சியத்தின் திறவுகோலைச் சேர்த்து, முகவரியைப் பதிந்து, இயங்குதளத்தின் பொதியைவிட இதற்கு முன்னுரிமை என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவிட்டால், வழமையான புதுப்பித்தலோடு உலாவியும் புதுப்பிக்கப்படும். கோப்புகள் ரூட் பெயரிலேயே இருக்கும், புதுப்பித்தலும் தடைப்படாது. டிசம்பர் விடுமுறையில் அந்த மூன்றாவது கணினிக்கு டெபியன் 13 நிறுவியபோது, அதனுடன் வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குப் பதிலாக இந்தக் களஞ்சியத்தையே இணைத்தேன். பிள்ளைகள் பாவிக்கும் கணினிக்கு நான் தேடிய அமைப்பு இதுதான்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 22.04இலிருந்து அங்கே ஏபிடி வழியாகப் பயர்பொக்ஸ் கேட்டாலும் கிடைப்பது ஸ்னப் என்ற உபுண்டுவின் சொந்த வகைப் பொதிதான். அது தானே புதுப்பித்துக்கொள்ளும், ஆதலால் பதிப்பு பழசாகிவிட்டது என்ற காரணத்துக்காக அதைக் கழற்றத் தேவையில்லை. 24.04இல் நேரடிப் பொதியைப் பயனரின் சொந்தக் கோப்புறையில் வைத்து இயக்கினால், சில பாதுகாப்பு வசதிகள் குறைவாகவே செயற்படலாம் என்ற எச்சரிக்கைப் பட்டை தோன்றும். அங்கே ஆப்ஆமர் என்ற காவலுக்குத் தனியாக அனுமதி எழுத வேண்டியிருக்கும். அந்த வேலை தெரியாதவர்கள் ஸ்னப்பையோ மொசில்லாவின் களஞ்சியத்தையோ விட்டு விலகாமல் இருப்பது நல்லது. மின்ட்டின் ஆதரவுள்ள பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. 2022 ஜனவரியில் மொசில்லாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு மின்ட்டின் களஞ்சியத்திலேயே மொசில்லாவின் பயர்பொக்ஸ் மாற்றமில்லாமல் கிடைக்கிறது.

தமிழில் பாவிப்பவர்கள் இறக்கும் பக்கத்திலேயே மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்யலாம். இரண்டாவது கணினியில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பட்டியல்கள் தமிழில் வருகின்றன. மொழிபெயர்க்கப்படாத இடங்களில் ஆங்கிலம் தோன்றும். அயலவர்களும் பெற்றோரும் அந்தக் கணினியின் முன் தயக்கமில்லாமல் உட்காருகிறார்கள் என்பதே அதற்கு நான் தரும் மதிப்பு. எழுத்துருவைப் பொறுத்தவரை இந்தப் பொதி தமிழ் எழுத்துரு எதையும் கொண்டுவருவதில்லை. கணினியில் இருக்கும் லோகித், நோட்டோ போன்றவற்றையே எடுத்துக்கொள்ளும். புதிய உலாவி வைத்த பிறகு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துருப் பொதியை நிறுவ வேண்டும், உலாவியை மாற்றுவதில் பயனில்லை. பாமினியில் தட்டச்சுச் செய்து வலையேற்றிய பழைய பக்கங்களும் அப்படித்தான். அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறிகள் என்பதால், எந்தப் பதிப்பிலும், பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். புதுப்பித்தால் இது சரியாகும் என்று நம்பி வந்த ஆசிரியர் ஒருவரை ஏமாற்றத்துடன் அனுப்ப நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. வினாத்தாள்களை யுனிகோட்டுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மிஞ்சியிருப்பது அந்த 32 பிட் கணினி. 32 பிட் லினக்ஸுக்கான வழமையான வெளியீடு 144ஆம் பதிப்புடன் நிறுத்தப்பட்டுவிட்டது. நீண்டகால ஆதரவு பெறும் 140 வரிசைக்கு மட்டும், குறைந்தது 2026 செப்டெம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வருமென்று மொசில்லா அறிவித்திருக்கிறது. அதனால் அதில் 140 வரிசையின் சுருக்கக் கோப்பை விரித்து, உரிமையை என் பெயரில் வைத்திருக்கிறேன். அது நன்றாகவே ஓடுகிறது. இரண்டு ஜிகாபைட் நினைவகத்தில் நான்கு தாவல்களுக்கு மேல் திறந்தால் மட்டும் திணறும். செப்டெம்பருக்குப் பிறகு அதன் வலைக் கம்பியைக் கழற்றிவிட்டு, ரெங்கநாதன் விசைப்பலகையில் தட்டச்சுப் பழகும் சிறிய பிள்ளைகளுக்கு அதை ஒதுக்கிவைப்பதாக இருக்கிறேன்.